சத்து ஊசி

கவி அப்பாவுக்கு,

உங்க கை எலும்பு ஒண்ணு சேர ரெண்டு மாசமாவது ஆகும்னு தருமபுரி ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம். உங்க தம்பி போன்ல சொன்னாரு.

கவி கடத்தூர்ல எங்கம்மா வூட்டுல என்கூடத்தான் இருக்கா. உதட்டுல தையல் இருக்கறதால கஞ்சிதான் குடிக்கறா.

ஊக்கமருந்து டெஸ்ட்ல அவ மாட்டினதும், "நானே போட்டுக்கிட்டேன்னு எழுதிக் குடுடி"ன்னு பெல்ட்டால அடிச்சீங்க. "சத்து ஊசின்னு நீங்கதானேப்பா போட்டீங்க"ன்னு அழுதா. உங்க கோச் வேலை போயிடும்னு, பெத்த புள்ளையோட முடியப் புடிச்சு சுவத்துல மோதினீங்க. அவ பளு தூக்கற கம்பி பக்கத்துல கெடந்துச்சு.

அந்த ஊசியால ஆம்பளக் கொரலா மாறிப்போச்சுன்னு வெளிய வாயே தொறக்காதவ, நேத்து ஊக்கமருந்து விசாரணைக்கு வந்தவங்ககிட்ட அதே கொரல்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. இனிமே போட்டிக்கு விடுவாங்களான்னு தெரியல.

வழுக்கி விழுந்து கை ஒடஞ்சதா போலீஸ்கிட்ட சொல்லியிருக்கீங்களாம். மறைக்க வேணாங்க. கம்பியால அடிச்சது நான்தான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். சமாதானம் பேசறேன்னு இந்தப் பக்கம் வந்துடாதீங்க. அவளைத் தொட்டா மறுபடியும் அடிப்பேன். அப்ப கையோட நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உங்க மகளோட அம்மா