ஓடக்காரனின் மூட்டை

இஞ்சி வாசனைதான் முதலில் வந்தது என்று எழுத ஆசை. ஆனால் அக்கா, உங்களிடம் எதற்குப் பொய்? முதலில் நான் பார்த்தது டேப்பைத்தான்.

நாம் பிழைக்க வந்த இந்த அயல்நாட்டு நகரத்தில், பூ மி ஹங் பக்கம் ஏதோ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சென்னைப் பெண் ஒருத்தி, நேற்றுக் காலை என் வாசலில் நின்று ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டினாள். நங்கநல்லூரிலிருந்து உங்கள் அண்ணன் கொடுத்தனுப்பியதாம். டேப்பைக் கிழித்து மறுபடி ஒட்டியிருந்தது. என் கண் போன இடத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. ஏர்போர்ட்ல கேப்பாங்கல்ல, அதான் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு மிட்டாய் பாக்கெட்டும் லெட்டரும்தான். லெட்டரைப் படிக்கல."

இவ்வளவுதானா அக்கா? பிரித்தேன் என்று இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயமா அது? அவள் லிஃப்டில் இறங்கிப் போன பிறகும் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது.

இங்கே முருகன் கோயிலில் நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறதா? "தமிழா?" என்று கேட்டீர்கள். நான் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. யார், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? உங்களை மேலும் கீழும் பார்த்தேன். "அம்மா தாயே, கையில வேலோட நிக்கிற முருகனே இப்படி முறைக்கலையே" என்றீர்கள். சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்று உங்கள் வீட்டில் காப்பியைக் கையில் கொடுத்தபோது, "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தேன்.

என் பிழைப்பு அப்படி. நகரத்துக்கு வெளியே பின் யுவோங் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் காலை முதல் மாலை வரை ஒவ்வொரு ஜோடியாகப் புரட்டிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. அது கையோடு நிற்காமல் மனசுக்கும் வந்துவிட்டது. இல்லை, காரைக்காலில் என் அம்மாவைக் கேட்டால் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பாள்.

உங்கள் பையன் படிக்க ஆஸ்திரேலியா போனபோது அவனுடைய வீடியோ கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தான். "சும்மா தூசி படிஞ்சு கிடக்குதுடி, வா" என்றீர்கள். ஐம்பதை எட்டப்போகும் இரண்டு பொம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றியில் விபூதியோடு, ஐஸ் போட்ட பால்காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேம் விளையாடினோம் என்று சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? நானே முதலில் நம்பவில்லை. உங்களைப் போல ஒரு கணக்கு டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த கேமில் ஓடக்காரன் வந்தான். வெள்ளத்தில் பாதி மூழ்கிய நகரம், அதற்கு ஒரே பாலம். அந்தப் பாலத்தை எரித்தவன் அவன். பாலம் போனதால் எல்லோரும் அவன் ஓடத்தில்தான் ஏறியாக வேண்டும். ஆனால் பாலம் போனதால்தான் அக்கரைக் கொள்ளைநோய் இக்கரைக்கு வராமல் நின்றது. அவன் எதை நினைத்து எரித்தான் என்று அந்த கேம் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை. அது போதாதா உங்களுக்கு? அவன் பேசுவதற்கு முன் துடுப்பைக் கீழே வைக்கும் அழகு, நனைந்த தாடி, யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்காத அந்தப் பார்வை என்று உருகித் தள்ளினீர்கள். போன் உறையில் அவன் படம். வகுப்பில் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, அவன் வில்லன் என்று சொல்லிச் சிரித்ததாக நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள்.

"கெட்டவன்தான், நான் இல்லேங்கல. ஆனா ஏறுறவங்க நனையக் கூடாதுன்னு தன் போர்வையை விரிக்கிறான் பாரு."

"ஏறினவங்க எந்திரிச்சுப் போயிடக் கூடாதுன்னு விரிக்கிறான்" என்பேன் நான்.

"உன்கூட மனுஷன் பேசுவானா?" என்று கன்ட்ரோலரை என் மடியில் போடுவீர்கள்.

பாதிக் கதையில் அவன் ஒரு மூட்டையைக் கொடுத்து, அடுத்த துறையில் சேர்த்துவிடச் சொல்வான். பிரித்தும் பார்க்கலாம், பிரிக்காமலும் கொண்டுபோகலாம். துறையில் அவனே வந்து நின்று, "பிரித்தாயா?" என்று கேட்பான். ஆமாம், இல்லை என்று திரையில் இரண்டு பதில் வரும். நான் ஒவ்வொரு தடவையும் பிரிப்பேன். உள்ளே காய்ந்த ரொட்டியும் ஒரு கம்பளியும்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் இல்லை என்பேன். உடனே அவன் ஓடத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், மிச்சக் கதை முழுக்க நான் சேற்றில் நடந்தே சாக வேண்டும். நீங்கள் பிரிக்கவே மாட்டீர்கள். உங்களை மட்டும் ஏற்றிக்கொள்வான்.

"ஒரு தடவை ஆமான்னு சொல்லித்தான் பாரேன்டி."

"தண்ணில தள்ளி விட்டுருவான் அக்கா. அவன் மூஞ்சியே சரியில்ல."

போன வருஷம் நான் ஊருக்குப் புறப்பட்டபோது, எல்லோரும் செய்வதுபோல நீங்களும் ஒரு பெட்டியோடு வந்தீர்கள். இங்கிருந்து யார் ஊருக்குப் போனாலும் பாதிச் சாமான் அடுத்தவர் சாமான்தானே. அண்ணனுக்குக் காப்பிப் பொடி, தாமரை விதை, தலைவலிக்குப் பச்சை எண்ணெய் என்றீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் தெருமுனை திரும்பவில்லை, எனக்குள் ஆரம்பித்துவிட்டது. காப்பிப் பொடிக்கு எதற்கு இத்தனை சுற்று டேப்? பெட்டியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் எதற்கு ஜன்னலைப் பார்த்தீர்கள்? ஓடக்காரனும் இப்படித்தான் கொடுப்பான்.

பிரித்தேன். மேலாக ஒரு இஞ்சி மிட்டாய் பாக்கெட். அதன் கீழே நீங்கள் சொன்ன சாமான்கள். அடியில் அண்ணன் பெயர் எழுதி ஒட்டிய உறை. மிட்டாயைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே என்று பாக்கெட்டை மோந்து பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மிட்டாய்தான். வெட்கமாகிவிட்டது. உறையைத் தொடவில்லை, அதை மட்டும் நம்புங்கள். எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி, புது டேப் போட்டு ஒட்டினேன். கம்பெனியில் ஒட்டி ஒட்டிப் பழகின கை. நடுவில் ஒரு கோடு, இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு கோடு, ஒரு சுருக்கம் இல்லை. நீங்கள் கோணல்மாணலாகச் சுற்றிக் கொடுத்த பெட்டி அது என்பதே அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விமானத்தில் வழக்கம்போல வயிற்றைப் புரட்டி எடுத்தது. மூன்று தடவை வாந்தி. தலைக்கு மேலே, உங்கள் பெட்டிக்குள், இஞ்சி மிட்டாய் பத்திரமாக இருந்தது.

பெட்டியை அண்ணனிடம் சேர்த்துவிட்டு நான் திரும்பி வந்த ஞாயிறு, காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டீர்கள். "பெட்டியைப் பிரிச்சியா?"

"இல்லக்கா. நான் எதுக்குப் பிரிக்கப்போறேன்?"

"நீ ஓடக்காரனைவிட மோசம்டி" என்று சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. என்னைச் சோதித்துப் பார்த்தீர்களோ? அதற்காகவே பெட்டியைக் கொடுத்தீர்களோ? அடுத்த ஞாயிறு ஓவர்டைம் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு காய்ச்சல் என்றேன். மூன்றாவது வாரம், பாடம் நடத்திக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று போன் வந்தது. பாவி, அந்தப் போனைக்கூட நான் நம்பவில்லை. உங்கள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உங்கள் பையன் எடுத்து அழுதான்.

அவன் ஆஸ்திரேலியா திரும்பும்போது கேம் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். இத்தனை நாளும் அதை நான் தொடவில்லை.

நேற்று வந்த பெட்டியில் இருந்தது அதே மிட்டாய் பாக்கெட், பிரிக்காமல். கூடவே உங்கள் கடிதம், அன்று உறைக்குள் இருந்தது. ஓரத்தில் அண்ணன் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "அம்மா, இதை எடுத்துவைத்தே மறந்துபோனேன். மிட்டாய் இருந்ததா, பெட்டி எப்படி ஒட்டியிருந்தது என்று தங்கச்சி அன்றைக்கே போனில் கேட்டாள். மூன்று கோடு போட்டுக் கடைச் சாமான் மாதிரி இருந்தது என்றேன். அப்படிச் சிரித்தாள்."

உங்கள் கடிதத்தை நீங்கள் மறந்திருக்கலாம். அப்படியே எழுதுகிறேன். "அண்ணா, இதைக் கொண்டுவருகிறவள் எனக்கு இங்கே கிடைத்த தங்கை. எதையும் நம்பமாட்டாள். பெட்டியை நிச்சயம் பிரிப்பாள், பிரிக்கட்டும், அதுதான் சரி. பிளேனில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். நேரில் மிட்டாய் கொடுத்தால் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு உயிரை எடுப்பாள். அவளே கண்டுபிடித்தால் எடுத்துத் தின்பாள் என்று மேலாக வைத்திருக்கிறேன். ஒருவேளை தின்னாமல் கொண்டுவந்தால், பத்திரமாக வைத்திருந்து அவளிடமே கொடு."

தரையில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. வாய்விட்டு அழுதேன். நீங்கள் என்னைச் சோதிக்கவில்லை. என் சந்தேகத்துக்கும் சேர்த்து ஒரு இடம் பார்த்து மிட்டாய் வைத்திருக்கிறீர்கள். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தும் எனக்குக் காப்பி கொடுத்தீர்கள்.

இன்று ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து உங்கள் கேம் பெட்டியைத் தூசி தட்டிப் போட்டேன். மூட்டை வந்தது. விரல் தானாகப் போய்ப் பிரித்தது, அதை மாற்ற என்னால் ஆகாது. அதே ரொட்டி, அதே கம்பளி. துறையில் அவன் வந்து துடுப்பைக் கீழே வைத்தான், நீங்கள் ரசிப்பீர்களே அதே மாதிரி. "பிரித்தாயா?" என்றான்.

ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். எதில் செய்தது என்று உறையைப் படித்துப் பார்க்கவில்லை. நல்ல காரம்.

ஆமாம், பிரித்தேன்.

அவன் என்னைத் தள்ளிவிடவில்லை அக்கா. போர்வையை விரித்து, எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.