சறோவின் பெயரில் ஒரு வீடு

மே 11, 2009, திங்கள்

நல்ல வெயில், ஆனால் காற்றுக் குளிர். பின்வளவில் லைலக் செடி மொட்டு விட்டிருக்கிறது. பால் முடிந்துவிட்டது. குப்பை நாளைக்கு.

சறோ மறதி நோயோடு முதியோர் ஹோமுக்குப் போய் இது இரண்டாவது கிழமை. காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை தேத்தண்ணி போட்டேன். ஒன்று அப்படியே ஆறிக் கிடந்தது. மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்தபோது குசினியில் அவள் கடுகு தாளிக்கும் வாசம். எழும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று தெரியும்.

மார்க்கண்டு அண்ணை போன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே கட்டடத்தில் இருந்த நாளிலிருந்து பழக்கம், ஊர் முழுவதற்கும் புத்தி சொல்லுகிற மனிசன். “தம்பி, வீடு சறோன்ர பேரிலயெல்லே கிடக்கு? ஹோம்காரர் காசுக்கு முதல்ல அதில தான் கை வைப்பினம். நியூஜேர்சியில என்ர மச்சானுக்கு நடந்தது. கெதியா மகளின்ர பேருக்கு மாத்து!”

வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். வீடு முழுக்கச் சறோவின் பெயரில்தான். ஊரில் தகப்பன் கட்டிக் கொடுத்த அவளின் சீதன வீடு ஷெல் விழுந்து போனது. இங்கே வீடு வாங்கும்போது உங்கள் பெயரையும் சேர்ப்போமா என்று பாங்கில் கேட்டார்கள். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு, அவவின் பெயர் மட்டும் போதும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

பின்னேரம் வாசுகி போன். அண்ணை அவளுக்கும் ஓதிவிட்டார். “அப்பா, டிலே பண்ணாதேங்கோ. அம்மா சைன் வைக்கக்கூடிய நிலையில இருக்கேக்கயே மாத்துவம். வித்துப்போட்டு நீங்கள் விட்பிக்கு எங்களிட்ட வாங்கோ. பேஸ்மென்ட் முடிஞ்சுது, தனி வோஷ்றூம்.”

நல்ல பிள்ளைதான். ஆனால் இங்கேயிருந்து ஹோமுக்கு ஒரே பஸ். விட்பியிலிருந்தென்றால் பஸ், ரெயின், பிறகும் பஸ். என் கண்ணுக்கு இனிக் கார் ஓட்ட முடியாது. வாசுகி கூட்டிவந்தால்தான் சறோவைக் காணலாம். அவளுக்கு வேலை, பிள்ளைகள். நாளாந்தம் என்பது ஞாயிற்றுக்கிழமை என்றாகும். பிறகு மாதத்தில் ஒருக்கால்.

மாட்டேன்.

மே 12, செவ்வாய்

மூட்டம். ஹோமுக்குக் கொண்டுபோனவை: சீப்பு, நல்லெண்ணெய், அவளின் நீலக் காடிகன், ஒரு வாழைப்பழம்.

சறோவின் யன்னலுக்குக் கீழே கார் பார்க். மழை ஈரத்தில் பளபளத்தது. அவளுக்கு அது கடல். “தண்ணி ஏறுது பாத்தியளே?” என்றாள். ஓம் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் கொஞ்சம் அசைவது போலத்தான் இருந்தது. ஒரு வெள்ளை வான் வண்டி மெல்ல வந்து கரை தட்டி நின்றது.

“குணம் வந்தவனே?”

குணம் அவளின் தம்பி, வன்னியில். மாசியில் பேசியதோடு சரி. “லைன் இல்லை” என்றேன். அது பொய்யில்லை.

தலை வாரிவிட்டேன். வகிடு கோணல். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். “முப்பத்தெட்டு வருஷத்தில இதையும் பழகேல்லை” என்று ஏசினாள். ஏச்சு வாங்கியதில் எனக்குப் பெரிய சந்தோசம்.

மே 14, வியாழன்

பிளாசாவில் இடியப்பம் வாங்கப் போனேன். கடைக்குள் ரீவியில் வன்னிக் கடற்கரை, புகை. சனம் எல்லாம் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. காசு கொடுத்துவிட்டு இடியப்பத்தை விட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறேன். திரும்பப் போக மனம் வரவில்லை.

அதே பிளாசாவில் மாடியில் தமிழ் லோயர் பிள்ளை ஒன்று. முன்பே கேட்டு வைத்த நேரம். முப்பது வயதிருக்கும். மா. அண்ணை சொன்னதெல்லாம் ஒப்புவித்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டது.

“அங்கிள், அது அமெரிக்காக் கதை. இஞ்ச வீட்டை ஒருத்தரும் தொடமாட்டினம். ஹோமுக்குக் கட்டுற மாதக் காசு அன்ரியின்ர வருமானத்தைப் பாத்துத்தான். பயத்தில மகளுக்கு எழுதினாத்தான் வீடு உங்கட கையை விட்டுப் போகும்.”

கதிரையில் சாய்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தது.

இரண்டு வேலை சொன்னது. ஒன்று, சறோவுக்காக நான் கையெழுத்து வைக்கிற உரிமைக்குப் பவர் ஒஃப் அட்டோனி. அவள் தெளிவாக இருக்கும்போதே செய்யவேண்டும். இரண்டு, நாங்கள் ஒரே வீட்டில் இல்லை என்று பென்ஷன் கந்தோருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். ஆளுக்காள் வருமானத்தைத் தனியாகப் பார்ப்பார்களாம், எனக்குச் செலவுக்குக் கை கடிக்காதாம்.

“நாங்கள் பிரியேல்லைப் பிள்ளை!” என்று கத்திவிட்டேன். வெளியே இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பிரியேல்லை அங்கிள். நோயாலதான் வேற வேற இடத்தில எண்டு தான் எழுதிறம்.”

எழுதினேன். எங்கள் இருவரின் பெயரும் கலியாண எழுத்தில் போல இந்தக் கடதாசியிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தது.

மே 15, வெள்ளி

இளவெயில். சறோ காலையில்தான் தெளிவு, பத்து மணிக்குப் பிறகு கலங்கிவிடும். லோயர் பிள்ளை வேளைக்கே ஹோமுக்கு வந்தது. என்னையும் வாசுகியையும் வெளியே போகச் சொன்னது. தனியக் கேட்கவேண்டுமாம், அதுதான் முறையாம்.

வாசுகி வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். ஹோலில் காத்திருந்தோம். ஒரு கிழவி பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள், திரும்பித் தாண்டினாள். எனக்குத் தூக்கமும் விழிப்பும் கலந்த மாதிரி. சறோ வீடு பற்றிக் கேட்டால் எந்த வீட்டைச் சொல்லுவாளோ? தகப்பன் கட்டிய வீட்டைச் சொன்னால் எல்லாம் முடிந்தது.

கதவு திறந்தது. பிள்ளை வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அன்ரிக்கு விளங்குது. ஸ்காபரோ வீடு, றோட்டுப் பேரோட சொன்னா. ‘என்ர வீடு. இவர் இருக்குமட்டும் இவர் அதில இருக்கவேணும். பிறகு வாசுகிக்கு. இவருக்கு ஒழுங்காத் தேத்தண்ணி போடத் தெரியாது, பஸ் மாறத் தெரியாது. விட்பிக்கு அனுப்பினா என்னைப் பாக்க ஆர் வாறது?’ எண்டு கேட்டா.”

விட்பிக் கதையை நான் அவளிடம் சொன்னதேயில்லை.

வாசுகி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். “நான்தான் போன ஞாயிறு அம்மாவுக்குப் பக்கத்தில இருந்து சொன்னனான், அப்பா. அவ நித்திரை எண்டு நினைச்சன்.”

சறோ கையெழுத்து வைத்தாள். முழுப் பெயரும், பள்ளிக்கூடத்து எழுத்தில். பத்தரைக்கு என்னைப் பார்த்து, “நீங்கள் எந்த ஊர்?” என்றாள்.

மே 17, ஞாயிறு

வாசுகி வந்து பிரிட்ஜில் கறிகள் அடுக்கிவிட்டுப் போனாள், எல்லாவற்றிலும் லேபல். பேஸ்மென்ட் கதை எடுக்கவில்லை. போகும்போது, “வின்டருக்கு முதல் படியில கைபிடி போடுவம், அப்பா” என்றாள். அந்த ஒரு சொல்லில் என் மனப்பாரம் இறங்கியது.

மா. அண்ணைக்கு விசயம் சொன்னேன். “நான் அப்பவே சொன்னனான், லோயரைப் பார் எண்டு” என்கிறார். நல்ல மனிசன், என்ன செய்ய!

மே 18, திங்கள்

விக்டோரியா டே, லீவு. விடியவே செய்தி வந்துவிட்டது. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாம். போன் அடித்தபடி. யாரும் ஒரு வசனத்தை முடிக்கவில்லை. குணம் பற்றி ஒன்றும் இல்லை.

இன்று ஹோமுக்குப் போகவில்லை. முதல்முறை. முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

இருட்டும்போது பார்க் பக்கம் விக்டோரியா டே வாணவேடிக்கை. முதல் சத்தத்துக்கு நான் குனிந்துவிட்டேன். பிறகு யன்னலில் நின்று பார்த்தேன். பச்சை, சிவப்பு. பக்கத்து வீட்டுச் சின்னதுகள் கை தட்டிச் சத்தம் போட்டதுகள். அதுகளுக்கு என்ன தெரியும். சறோவின் யன்னலிலும் தெரிந்திருக்கும். பயந்திருப்பாளே! போயிருக்கவேண்டும்.

மே 19, செவ்வாய்

வெயில். லைலக் பூத்துவிட்டது. ஒரு கொத்து முறித்து, ஈரக் கடதாசியில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்.

சறோ கட்டிலில் நிமிர்ந்து இருந்தாள். நீலக் காடிகன், மடியில் கைப்பை. கார் பார்க் காய்ந்து கிடந்தது.

“இஞ்சருங்கோ, ராத்திரி பெரிய சத்தம். இப்ப ஒரு சத்தமும் இல்லை. சண்டை முடிஞ்சுதே?”

“ஓம். முடிஞ்சுது.”

பூவை வாங்கி மணந்து பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“அப்ப எழும்புங்கோ, வீட்டை போவம். குணம் வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிக்கப்போறான்.”

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பஸ் வரட்டும்” என்றேன்.