எட்டு டிஸ்க்குக்கு எத்தனை வாட்?

ஆரோன் அண்ணா,

"பத்தாவதைப் பாதியில் விட்டவளுக்கு வாட் கணக்கெல்லாம் தெரியுமா?" என்று திங்கட்கிழமை கேட்டாய். எனக்கு வாயால் சொல்ல வராது, எழுதுகிறேன். உன் வீடியோ சர்வரில் இருக்கும் எட்டு டிஸ்க்கின் லேபிளில் இருந்ததை நோட்டில் குறித்திருந்தேன். ஒரு டிஸ்க் ஓடும்போது ஆகும் ஏழு வாட்டை மட்டும் நீ எண்ணியிருக்கிறாய். சுழலத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் இருபத்தைந்து இழுக்கும். எட்டுக்கு இருநூறு, மதர்போர்டுக்கு அறுபது. உன் இருநூற்றைம்பது வாட் பவர் சப்ளை அதில்தான் அணைகிறது. ஐந்நூறு வாங்கு. அதுவரை சுவிட்சைத் தொடாதே, டிஸ்க் போய்விடும்.

முடிச்சூர் தையல் கடைக்குப் போகிறேன். புளிசாதம் மேடையில் இருக்கிறது.

மறந்துவிட்டேன்: வேதசிரோமணி சார் நேற்று, நீ எடுத்த அவர் மகள் கல்யாண வீடியோவைக் கேட்டு வந்தார். போன மாதம் இறந்த அவர் மனைவி அதில் பாடுகிறாராம். சர்வர் ஓடவில்லை என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.