நீலமாய்ப் போன தங்கம்

ஏப்ரல் 8

காலையிலிருந்து குடுவை கழுவினேன். சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் எங்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள். எட்டாம் வகுப்பு வேதியியல் பிரிவுக்குப் பதினெட்டுப் பேர் சேராவிட்டால் அடுத்த ஆண்டு பிரிவும் இல்லை, எனக்கு இந்த ஊரில் வேலையும் இல்லை. தலைமையாசிரியர் ஹ்ரிஸ்தோசோவ் காபி குடித்தபடியே இதைச் சொன்னார். 

தங்கம் செய்து காட்டப் போகிறேன். தங்கக் கரைசலைக் கொதிக்கவைத்து சிட்ரேட் விட்டால், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் உண்டாகி நீர் முழுக்கச் செர்ரிச் சாறாகச் சிவக்கும். பழைய மாணவி ராலித்ஸா அனுப்பிய கரைசல் இரண்டு முறைக்குத்தான் வரும். ஒத்திகைக்கு ஒன்றைச் செலவழிப்பதா? மனசு வரவில்லை.

ஏப்ரல் 11

துப்புரவு செய்யும் பென்கா அக்கா ஆய்வகத் தரையை இன்று இரண்டு முறை துடைத்தார். நான் கேட்கவே இல்லை.

ஏப்ரல் 12

மானம் போயிற்று.

அறுபது பேர் பார்க்க, சிவக்க வேண்டியது ஊதாவாகி, நீலமாகி, அடியில் கறுப்பாகப் படிந்தது. பின்வரிசையில் ஓர் அப்பா, "தங்கம் எங்க டீச்சர்? பையில போட்டுக்கிட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பிறகுதான் தெரிந்தது. சோதனைக்கென்று வாங்கிவைத்த காய்ச்சி வடித்த நீரைக் கொட்டிவிட்டு, கேனில் ஊர் நடுவிலுள்ள வெந்நீர் ஊற்று நீரைப் பென்கா அக்கா நிரப்பியிருக்கிறார். விருந்தாளிக்குக் கடைத் தண்ணீரை வைப்பது இங்கே அவமரியாதை.

"அது செத்த தண்ணி, வெஸா. வர்ற ஜனத்துக்கு அதையா வைப்பே?"

அறிவிருக்கா உனக்கு என்று கத்திவிட்டேன். "உனக்கு" என்று, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரை. அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். சீ, நானா இப்படி — அவருக்கு என்ன தெரியும் பாவம்.

ஏப்ரல் 13

அவர் வீட்டுக்குப் போகலாமா? போகவில்லை.

ஏப்ரல் 14

சனிக்கிழமை முன்வரிசையில் இருந்த கலினா என்ற ஏழாம் வகுப்புப் பெண் தேடிவந்து, ஏன் நீலமானது என்று கேட்டாள். தங்கத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கும்வரைதான் சிவப்பு. ஊற்று நீரின் உப்புகள் பட்டதும் ஒட்டிக்கொள்கின்றன, நிறம் மாறுகிறது என்றேன்.

"அப்போ எங்க தெரு ஊத்துத் தண்ணி ஊத்தினா, இதைவிட மெதுவா மாறுமா, சீக்கிரமா மாறுமா?"

எனக்கே தெரியாது என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

ஏப்ரல் 16

பென்கா அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பனித்சாவைச் சூடாக வைத்தார். "தின்னு. நீ கத்துனது வலிக்கல. உன் காரியத்தை என் கையாலயே கெடுத்துட்டேனேன்னுதான்..." சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தார்.

ஊரின் ஏழு ஊற்றிலிருந்தும் நீர் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 30

பிள்ளைகளையும் பெற்றோரையும் மறுபடி அழைத்து, மீதித் தங்கத்தையும் எடுத்தேன். சிவந்தது. கடவுளே, என்ன சிவப்பு!

அதை ஏழு குழாய்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஊற்று நீர், பென்கா அக்கா கையாலேயே. எந்த ஊற்று உசத்தி என்ற சண்டையில் இந்த ஊரில் அண்ணன் தம்பியே பேசிக்கொள்வதில்லை. பெற்றோர் கட்சி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அன்று கேலி செய்த அப்பாவின் தெரு ஊற்றுதான் முதலில் நீலமானது. ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டார். உப்பு அதிகம், அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப ஜெயிச்சோம்" என்று உட்கார்ந்தார்.

ஜூலை 9

சேர்க்கையின் முதல் சுற்றில் பதினாறு பேர். இன்னொரு சுற்று இருக்கிறது.

செப்டம்பர் 15

பள்ளி திறந்தது. முதல் நாள் வழக்கப்படி வேதியியல் பிரிவுப் பிள்ளைகள் ஆசிரியருக்கு ஆளுக்கொரு பூங்கொத்தோடு வந்தார்கள். மேசைமேல் எண்ணினேன், பதினேழு. பதினெட்டாவதைக் கலினா வாசலிலேயே பென்கா அக்காவிடம் கொடுத்துவிட்டாளாம். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்கு வந்த பூக்களின் சருகைப் பெருக்கியவர். வராந்தாவில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இன்று துடைப்பத்தை நான் எடுத்தேன்.