மீன் புரட்டும் இடைவெளியில் எழுதியவனுக்கு

உன் கொப்பிகளைத் திறந்ததும் அறை முழுக்கக் கீரிமீன் கருவாட்டு வாடை. நான்கு மாதமாக அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தவை. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஒண்டு வாசியுங்க, இல்லாட்டித் திருப்பிக் குடுங்க" என்றாள்.

நீ மௌத்தான வாரமே, நான்கு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தாவில் வீட்டோடு இருந்த உன் மனைவி தன் தம்பியிடம் இவற்றைக் கொடுத்தனுப்பினாள். ஏழு தடித்த சீ.ஆர். கொப்பிகள் நிறைய நீ எழுதிய ஒரு நாவல். "சேர், இத அழகா எழுதி அச்சுக்குக் குடுக்கட்டாம். மச்சான்ட கையெழுத்து ஒங்களுக்குத்தான் வெளங்குமாம், ராத்தா சென்னா" என்றான். தலையாட்டி வாங்கினேன். இன்றுவரை திறக்கவில்லை. காரணம் பொறாமை. உன்னிடம் மறைத்து என்ன செய்ய?

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம் நாம் செய்த ஒப்பந்தம் உனக்கு நினைவிருக்கும். நாளுக்கு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீ மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் ஒருவருக்கொருவர் வாசித்துக்காட்ட வேண்டும். நான் தமிழ் படித்த பட்டதாரி, ஆசிரியன். நீ மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த வருடத்தோடு படிப்பை விட்டவன். யார் வெல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நீ எழுதியது மீன் புரட்டும் இடைவெளியில். பாயில் பரப்பிய மீனின் மேல்பக்கம் காயும்வரை, கவிழ்த்த பெட்டியின்மேல் கொப்பியை வைத்து எழுதுவாய். புரட்டும் நேரம் வந்தால் பாதி வசனத்தில் எழும்பிவிடுவாய். வசனத்தையாவது முடித்துவிட்டுப் போ என்று ஒருநாள் எரிந்துவிழுந்தேன்.

"வசனம் நாளைக்கும் கெடக்கும் மச்சான். மீன் புழுத்துப் போயிரும்."

மீன் புரட்டி முடிந்தால் அன்றைக்கு நீ எழுத்தாளன் இல்லை. கரம் விளையாட்டு, கிரிக்கெட் மெச், மாலையில் மனைவியோடு இந்திய சீரியல். அதில் வரும் மாமியாரைத் திட்டுவதில் உங்கள் இருவருக்கும் போட்டி. ஆலங்குடாக் கடற்கரையில் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் பாய்வதைப் பார்க்க என்னையும் கூப்பிட்டாய். எழுத வேண்டும் என்றேன்.

"அப்ப எழுதுறத்துக்கு என்னத்தப் பாக்கப் போறாய்? செவரையா?"

சுவரைத்தான் பார்த்தேன். பாடசாலை விட்டு வந்து மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியை மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். பிள்ளைகள் முற்றத்தில் கிசுகிசுத்து விளையாடினார்கள். தலவில் தேவாலயத் திருவிழாவைப் பார்க்க மனைவி அவர்களோடு தனியே போய்வந்தாள். அப்படியும் பக்கம் தேறவில்லை. பல்கலைக்கழக நாட்களில் எழுதியவற்றைப் புதுத் தாளில் பிரதிபண்ணி உன் வாடிக்குக் கொண்டுவந்தேன்.

நீ கண்ணை மூடிக் கேட்டாய். "நல்லாரிக்கி மச்சான். ஆனா இதுல வாற ஆள் இன்னம் கலியாணம் முடிக்கல்ல போல."

திட்டியிருந்தால் மன்னித்திருப்பேன்.

இலக்கிய விழாவில் உன் கதைக்காக உனக்குப் பொன்னாடை போர்த்தியபோது நானும் கைதட்டியதாக நீ நினைத்திருப்பாய். உன் சின்ன மகள் என் மடியில் இருந்தாள். அவளுடைய கைகளைப் பிடித்துத் தட்டவைத்தேன். என் கை தட்டவில்லை.

அடுத்த கிழமை இத்தா முடிகிறது. உன் மனைவி கேட்பாள். கூரை ஒழுகி எல்லாம் நனைந்துவிட்டது என்று சொல்லலாம். ஏழு கொப்பியும் அடுப்பில் எரிந்துபோகக் கால் மணிநேரம் போதும். இதையெல்லாம் யோசித்தேன். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

இன்று பின்னேரம் முதல் பக்கத்தைப் பிரதிபண்ணினேன். நடுவில் ஒரு வசனம் உடைந்து, மறுநாள் வேறு பேனையில் தொடர்கிறது. விட்ட இடத்தைவிடத் தொடர்ந்த இடம் நன்றாக இருக்கிறது. அந்த இடத்தில் என் வசனம் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். மெருகான வசனம். இரண்டுதரம் வாசித்தேன். வெட்டினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு என் கையால் ஒரு முழுப் பக்கம் எழுதி முடிந்திருக்கிறது. அதுவும் உன்னுடையது. முகப்பில் உன் பெயர் மட்டும்தான் இருக்கப்போகிறது. அதை நினைக்க இப்போதும் வயிறு எரிகிறது. எரியட்டும். நாளைக்கும் ஒரு பக்கம் எழுதுவேன்.