ஜப்பான் அனுபவத்துறை அமைச்சர்

17 ஜனவரி 2026, சனி

மரண அறிவித்தல்.

ஸ்காபரோ பிளாசாக் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், எங்கள் குசினி மேசையை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் மைக்குறோவேவ் அவர்கள் இன்று காலை, நேற்றையப் புட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த வேளையில், ‘டிக்’ என்ற ஒலியுடன் இறைபதம் அடைந்தார். அன்னார் காலஞ்சென்ற ரோஸ்ரரின் அன்புச் சகோதரரும், பழஞ்சோறு, பாதிப் பீற்சா ஆகியோரின் பாசமிகு வளர்ப்புத் தந்தையும் ஆவார். உற்றார், உறவினர், பசித்தோர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மகன் ஜெனாட்.

இனிச் செய்தி. அம்மா வேலை முடிந்து வரும்போது புது மைக்குறோவேவ் ஒன்று வாங்கி வந்தா. கொஞ்ச நேரத்தில் அப்பாவும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும். ஆனால் கேட்கமாட்டினம். போன கோடையிலிருந்து இரண்டு பேரும் கதைப்பதில்லை. பெரிய சண்டை ஏதும் நடந்திருந்தால் நானும் ஒரு பக்கம் சேர்ந்திருப்பேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கதை குறைந்தது, பிறகு நின்றது. இப்போது எல்லாம் என் வழியாகத்தான். “கொம்மாட்டச் சொல்லு” என்பார் அப்பா. “கொப்பரிட்டச் சொல்லு” என்பா அம்மா. நான் சம்பளமில்லாத தபால்காரன், வயது பதினாறு.

இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவையும் கதைப்பதில்லை.

(இதை ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று என்னையே கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எவனுக்கும் வாசிக்கத் தெரியாது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவைக்கு என்னைப் பார்க்கவே நேரமில்லை. பூட்டுத் தேவையில்லை.)

20 ஜனவரி, செவ்வாய்

ஷரோன் அக்கா ஒசாக்காவிலிருந்து வீடியோ கோல் எடுத்தா. அங்கே பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறா. மார்ச் பிறேக் பள்ளி லீவுக்கு நாங்கள் மூன்று பேரும் போகிறோம், ரிக்கெற் அவதான் போட்டவ. அவவுக்கு வீட்டு நிலைமை தெரியாது. கமராவுக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் அழகாகச் சிரிப்பினம், ஒருவர் குசினியிலிருந்து, மற்றவர் ஹோலிலிருந்து.

“கோயில் பாத்து, படம் எடுத்து, திரும்பி வாற வேலை வேண்டாம். கையால செய்து பாக்கிற மாதிரி எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு. வெளிநாட்டு ஆக்களுக்கெண்டே நடத்துகினம். ஆர் தெரிவு செய்யப் போறியள்?” என்று கேட்டா.

“தம்பி பாப்பான்” என்றார் அப்பா. “தம்பி பாக்கட்டும்” என்றா அம்மா. மாதக்கணக்கில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் நான்!

ஆகவே இன்று முதல் நான் ஜப்பான் அனுபவத்துறை அமைச்சர். அனுபவிக்கப் போவது யார் என்பது பிறகு தெரியும்.

25 ஜனவரி, ஞாயிறு

பூசையால் வந்து நேர்முகப் பரீட்சை நடத்தினேன். அமைச்சர் கேள்வி கேட்டார், பொதுமக்கள் தனித்தனியே பதில் சொன்னார்கள்.

சாமுராய் வாள் வீச்சு. அம்மா: “கொப்பரின்ர முழங்காலுக்கு உது சரிவராது.” (முழங்காலைப் பற்றி அக்கறை. ஆனால் சொல்லமாட்டாவாம்.)

கிமோனோ உடுத்தி வீதியில் நடப்பது. அப்பா: “சாறம் கட்டிக்கொண்டு கென்னடி ரோட்டால நடந்தா சிரிப்பாங்கள். உதுக்குக் காசு குடுத்து நடக்கிறதோ?”

சூசி செய்வது. அம்மா: “ஒருநாள் லீவு தாறன் எண்டு கூட்டிக்கொண்டு போய் அங்கயும் சமைக்கச் சொல்லுறியோ?”

தியானம், புத்த மடத்தில். இரண்டு அறையிலிருந்தும் ஒரே “வேண்டாம்.” ஒன்று மன்னாரில் பிறந்த கத்தோலிக்க வேண்டாம், மற்றது ஊர்காவற்றுறையில் பிறந்த கத்தோலிக்க வேண்டாம்.

மெழுகிலும் பிளாஸ்ரிக்கிலும் சாப்பாட்டுப் பொம்மை செய்வது, கடைக் கண்ணாடிக்குள் வைப்பார்களே, அது. எனக்கு. விவாதம் இல்லை. ஒரு பிளாஸ்ரிக் றால் செய்து அம்மாவின் கறிக்குள் போடுவதாக உத்தேசம்.

1 பெப்ரவரி, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

கியோத்தோவில் தேநீர்ச் சடங்கு. ‘சடங்கு’ என்றதும் எங்கட ஆக்களுக்கு ஹோல், மேக்கப், ட்ரோன் கமரா. இது அப்படியில்லை. சின்ன அறை, பாய், ஒரு பூ. விபரத்தை வாசித்துக்கொண்டு போனால் நடுவில் ஒரு வரி: விருந்தாளிகள் வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் கோப்பையை எடுக்கமுன் அடுத்தவர் பக்கம் திரும்பி, குனிந்து, ‘உங்களுக்கு முன்னம் குடிக்கிறேன், மன்னிக்கவும்’ என்று சொல்ல வேண்டும். தபால்காரன் வழியாக அல்ல. வாயால். முகத்தைப் பார்த்து.

அம்மாவை முதலில் இருத்தி, அப்பாவைப் பக்கத்தில் இருத்தினால்?

நாலு பேருக்கும் புக் பண்ணிவிட்டேன், மார்ச் பதினெட்டு. பொம்மை வகுப்பு அதற்கு முதல் நாள். ஒருவரையும் கேட்கவில்லை. அமைச்சர்கள் கேட்பதில்லை.

8 பெப்ரவரி, ஞாயிறு

அப்பா: “கொம்மாட்டச் சொல்லு, எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் ஒண்டும் வேண்டாம். இருக்க ஒரு கதிரை கிடைச்சாக் காணும்.”

நான் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது: “அப்பா சொல்றார், நீங்க எங்க இருக்கிறீங்களோ அங்க ஒரு கதிரை காணுமாம்.”

அம்மா கறியைத் துழாவுவதை நிறுத்திப்போட்டு என்னைப் பார்த்தா.

“அவரோ சொன்னவர்?”

“ஓம்.”

“இருபத்தாறு வருசம் கட்டியிருக்கிறன், ஜெனாட். அவருக்கு அப்பிடிக் கதைக்கத் தெரியாது.” திரும்பவும் துழாவினா. “உப்பைத் தா.”

தபாலில் இப்படிச் சில திருத்தங்கள் எப்போதும் செய்கிறேன். பிடிபட்டது இன்றுதான். ஏச்சு வாங்கியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவ ஏசவில்லை.

9 பெப்ரவரி, திங்கள்

பனி. அப்பா விடியமுன் பிறம்ரன் வெயார்ஹவுசுக்குப் போய்விட்டார். அம்மாவின் கார்க் கண்ணாடியைச் சுரண்டித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா பார்த்தா. “கொப்பரிட்டச் சொல்லு” என்று தொடங்கினா, பிறகு “ஒண்டுமில்லை” என்றா.

18 பெப்ரவரி, புதன்

விபூதிப் புதன். ஈஸ்ரர் வரைக்கும் ஆளுக்குப் பிடித்த ஒன்றை விடுகிற தவக்காலம் தொடங்குகிறது. நான் மரக்கறியை விடுகிறேன் என்று அறிவித்தேன், அம்மா அகப்பையைக் காட்டினா.

14 மார்ச், சனி

பிளேனில் நடு சீற் எனக்கு. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா. “கொம்மாவுக்குக் குளிருதோ எண்டு கேள்.” “இல்லையெண்டு சொல்லு.” பசிபிக் சமுத்திரம் முழுக்க இதுதான்.

17 மார்ச், செவ்வாய்

பிளாஸ்ரிக் றால் செய்தேன். அப்பா மெழுகில் ஒரு முட்டைப் பொரியல் செய்தார், அச்சாவாக வந்தது. அதை அம்மாவின் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவ பார்க்கவில்லை. பார்த்தாவோ?

அக்காவுக்கு விளங்கிவிட்டது. ரெயினில் என் காதுக்குள் கேட்டா: “எவ்வளவு காலமா?” “கோடையிலயிருந்து.”

18 மார்ச், புதன்

எழுதவேண்டும், உடனே எழுதவேண்டும்.

அறை சின்னன். கிமோனோ உடுத்த ஒரு அம்மா முழங்காலில் இருந்து எல்லாம் இங்கிலிஷில் மெதுவாக விளங்கப்படுத்தினா. அப்பாவின் முழங்காலைப் பார்த்து, இருக்கச் சின்ன வாங்கு ஒன்று கொடுத்தா. நான் திட்டப்படி எல்லாரையும் இருத்தினேன், அம்மா முதல், அடுத்தது அப்பா, பிறகு அக்கா, நான் கடைசி. இனிப்பு வந்தது. தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டும். பச்சைத் தேத்தண்ணியை மூங்கில் மத்தால் அடித்து, கோப்பையைத் திருப்பி, அம்மாவுக்கு முன்னால் வைத்தா.

இப்ப திரும்பவேணும். இப்ப குனியவேணும். சொல்லுங்கோ அம்மா, சொல்லுங்கோ!

அம்மா திரும்பவில்லை. கோப்பையைக் கையில எடுத்துவைச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தா. முகம் செத்துப்போச்சு. அந்தக் கிமோனோ அம்மா காத்திருந்தா. அக்கா “அம்மா, குடியுங்கோவன், குடிக்காட்டி மரியாதையில்லை” எண்டு முணுமுணுத்தா. அம்மா குடிக்கேல்லை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

அப்பதான் அப்பா வாயைத் திறந்தார். இங்கிலிஷில். “மடம், சொறி. மை வைஃப் இஸ் ஃபாஸ்ரிங்.” அம்மா விரதமாம்! பிறகு அம்மாவின்ர பக்கம் திரும்பி, “யூஜினி, இஞ்ச தாரும்.”

அம்மா குடுத்தா. அப்பா ஒரு மூச்சில குடிச்சார். கசப்பில முகம் கோணினது. அந்தக் கிமோனோ அம்மா குனிஞ்சு கும்பிட்டு, இன்னொரு கோப்பையில வெறும் சுடுதண்ணி ஊத்தி அம்மாவுக்கு முன்னால வைச்சா.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” அம்மா கேட்டா. அவரைப் பாத்து. நேரா.

“விபூதிப் புதன் தொடக்கம் காலமையில கேத்தில் சத்தம் கேக்கேல்லைத்தானே” எண்டார் அப்பா. “இந்த முறை தேத்தண்ணியை விட்டிட்டீர் எண்டு நினைச்சன்.”

அம்மா சுடுதண்ணியைக் குடிச்சா. எனக்கு வந்த தேத்தண்ணியை என்ன செய்தன் எண்டு ஞாபகமில்லை.

19 மார்ச், வியாழன்

நேரடி ஒலிபரப்பு மீண்டும் ஆரம்பம்! நேற்றுப் பின்னேரம் ஆற்றங்கரையால் இரண்டு பேரும் முன்னால் நடந்தினம், நானும் அக்காவும் பின்னால். கதைத்துக்கொண்டே போனார்கள். இன்றும் அப்படியே. எனக்கு ஒரு தபாலும் இல்லை. தபால் கந்தோர் மூடியாச்சு.

ராகுலனுக்கு வட்ஸ்அப் போட்டேன். அவன் பக்கத்துத் தொடர்மாடி, வீட்டுக் கதை தெரிந்த ஒரே சிநேகிதன். “அம்மா தேத்தண்ணி விட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தேத்தண்ணி அறைக்குள்ள கொண்டுபோய் இருத்தினனான். அப்பா வாய் திறப்பார் எண்டும் தெரியும். எல்லாம் செற்றப்.”

ராகுலன்: “டேய், நீ மனுசனில்லை. ஜீனியஸ்.”

அமைச்சர் வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டார். அக்கா மட்டும் ஏன் இப்படி மூஞ்சையை வைத்திருக்கிறா? முன்னால் போகிறவை கதைப்பது அவவுக்குக் கேட்டிருக்குமோ?

20 மார்ச், வெள்ளி

ஊடோன் கடை. கிண்ணத்தில் ஆவி. அப்பா சொன்னார்: “நாங்கள் கதைச்சனாங்கள்.”

‘நாங்கள்.’ எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தச் சொல். நான் சிரித்தேன். வாய் நிறைய நூடில்ஸோட சிரித்தேன்.

அம்மா சொன்னா: “சண்டை இல்லை, பிள்ளையள். கோவமும் இல்லை. அதை முதல் விளங்கிக்கொள்ளுங்கோ.”

அப்பா: “ஈஸ்ரர் முடிய நான் பிறம்ரனில ஒரு பேஸ்மென்ற் வாடகைக்குப் பாக்கிறன். வேலைக்கும் கிட்ட.”

நான் கேட்டன்: “வேலை ஷிப்றுக்காகவோ?”

அம்மா என்ர கையைப் பிடிச்சா. அப்பா தன்ர கிண்ணத்தில இருந்த முட்டையை எடுத்து என்ர கிண்ணத்துக்குள்ள போட்டார்.

கதையாமல் இருக்கேக்க ஒரே வீட்டில இருந்தவை. கதைச்ச உடன ஏன்?

22 மார்ச், ஞாயிறு

பிளேன். அப்பா நடு சீற்றில். நான் யன்னல். இரண்டு பேரும் கணவாய்க்கறி உறைப்பா இல்லையா என்று பழைய கதை ஒன்று கதைத்துச் சிரித்தினம். நான் நித்திரை மாதிரிப் படுத்திருந்தேன்.

5 ஏப்ரல், ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா. பூசையால் வந்ததும் அம்மா கேத்திலைப் போட்டா. இரண்டு கோப்பை ஊற்றி, ஒன்றை அப்பாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தா. “சீனி காணுமோ?” “ஓம், காணும்.” கோவிலில் பாத்த ஆக்களுக்கு இவையைப் போல ஒரு சோடி இல்லை என்று தோன்றியிருக்கும்.

11 ஏப்ரல், சனி

அப்பா போனார். இரண்டு சூட்கேஸ், ஒரு மெத்தை, மாதா படம் ஒன்று. சேர்ட்டுகளை அம்மாதான் மடித்து வைத்தா. “குளிர் ஜக்கெற் எடுத்தனீங்களோ?” “எடுத்தனான்.” “முழங்காலுக்குப் பூசிற எண்ணெய்?” “அதுவும்.”

நான் பெட்டி தூக்கினேன். கார் போகும்போது ஏதாவது பகிடி விடவேணும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு! வரவில்லை!

13 ஏப்ரல், திங்கள்

இன்று லஞ்சில் ராகுலன் எல்லாருக்கும் முன்னால் சொன்னான்: “உவன் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால தாய் தேப்பனைக் கதைக்க வைச்சவன்.” பெடியள் கை தட்டினாங்கள்.

நான் கைதட்டுக்குக் குனியவில்லை. லொக்கர் பக்கம் போய் நின்றேன்.

அவை கதைச்சது என்னால எண்டால், கதைச்சு முடிவெடுத்ததும் என்னால. அப்பாவின்ர கதிரை வெறுமையாக் கிடக்கிறதும் என்னால. அதை யோசிச்சுக்கொண்டு ஜியோகிராபி வகுப்பில ஒரு சொல்லும் கேக்கேல்லை.

ஆகவே உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன். ராகுலனுக்குச் சொல்ல வெக்கமாய் இருக்கு.

அம்மா தேத்தண்ணி விட்டது எனக்குத் தெரியாது. தினமும் அந்தக் குசினிக்குள்ளதான் நிண்டனான், அவவோட கதைக்கிற ஒரே ஆள் நான், எனக்குத் தெரியாது. கதையாத மனுசனுக்குத்தான் தெரிஞ்சிருந்தது. நான் போட்ட திட்டம் அம்மா குனிஞ்சு ‘மன்னிக்கவும்’ எண்டு சொல்லுறது. அது நடக்கவேயில்லை. நடந்தது அவை ரெண்டு பேரின்ரயும் விசயம். தவக்காலம் எண்டு ஒரு யோசினையும் இல்லாமல்தான் அந்த நாளைப் புக் பண்ணினனான், வேற நாளில நாலு பேருக்கு இடம் இருக்கேல்லை.

நான் ஜீனியஸ் இல்லை. செற்றப் ஒண்டுமில்லை.

நான் ஒண்டும் செய்யேல்லை. உண்மையா. நான் ஒண்டுமே செய்யேல்லை.