மாப்பிள்ளையின் வண்டி ஒழுகிய கதை

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். வண்டி விஷயம். உங்கள் பிக்கப் ஏன் இத்தனை வருஷமாக ஆயில் ஒழுகியது என்று கண்டுபிடித்துவிட்டேன். உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

நீங்கள் இருந்தவரை அது நடக்கிற காரியமா? தங்கச்சி புருஷனை யாராவது திட்டுவார்களா? ஒரே ஒரு தடவை, "மாப்ளே, அடியில ஏதாவது கைய வச்சீங்களா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். என் பையன் காதுகுத்துப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டீர்கள். அப்பா, பெரியப்பா, ஊர்ப் பெரியவர்கள் என்று வரிசையாக வந்து கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். பிரியாணி ஆறிப்போனதை என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். அதன் பிறகு நான் வாயே திறக்கவில்லை. ஒழுகினால் ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையத்தை மாற்றுவேன், மறுபடி ஒழுகும், மறுபடி மாற்றுவேன். என்னைப் போல ஒரு மெக்கானிக் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்.

இப்போது வண்டியைத் தங்கச்சி செல்விதான் ஓட்டுகிறாள். ஜவ்வாது மலைக்குப் போய்க் கடுக்காய் ஏற்றிக்கொண்டு வந்து, தோல் பதப்படுத்த மேல்விஷாரம் தோல் ஷாப்புக்குப் போடுகிறாள். உங்கள் வாடிக்கை ஒன்றைக்கூட அவள் விடவில்லை. உங்கள் அண்ணன்தான், பொம்பளைக்கு எதுக்கு மலையும் வண்டியும், காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று வாரத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போகிறார். அவள் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

போன மாசம் வந்தது வினை. ஷாப்பு முற்றத்தில் தோல் காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் வண்டி நின்று, ஆயில் வழிந்து ஓடி நாலு தோலைக் கறையாக்கிவிட்டது. ஷாப்பு முதலாளி பாய் தங்கமான மனுஷன், சத்தம் போடவில்லை. அடுத்த நடையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். அந்த ஷாப்பு போனால் செல்விக்கு வேறு பிழைப்பு இல்லை. உங்கள் அண்ணன் சொன்னதுதான் நடக்கும். என் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியை என் கையில் வைத்தாள்.

இந்தத் தடவை சீலில் கை வைக்கவில்லை. டீசல் ஊற்றி அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவினேன். துடைத்துக் காயவிட்டு, செல்வி முகத்துக்குப் போடுகிற பவுடரை டிரான்ஸ்ஃபர் கேஸ் முழுக்கத் தூவினேன். இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்த இரும்புப் பெட்டிக்கு அப்படி ஒரு அலங்காரம் அதன் ஆயுசிலேயே நடந்திருக்காது. ஆற்காடு வரை ஓட்டிவிட்டு வந்து படுத்துப் பார்த்தால், பவுடரில் இரண்டு கோடு. முன்பக்க சீலில் ஒன்று, பின்பக்க சீலில் ஒன்று. இரண்டுமே நான் புதுசாகப் போட்டவை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும்?

ஆயில் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றினேன். சோடா பாட்டிலை உடைத்தது போலப் புஸ்ஸென்று காற்று வந்து என் முகமெல்லாம் ஆயில். அப்போதுதான் புத்தி வந்தது. சூடாகிற பெட்டி மூச்சு விட மேலே ஒரு சின்னத் துவாரம் இருக்கும், பிரீதர் என்போம். அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று பிதுங்கி, சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். குக்கர் விசில்மேல் செங்கல் வைத்த மாதிரி.

கியர் கம்பிக்குக் கீழே இருக்கிற தகட்டைக் கழற்றி எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை, நீங்கள் மனுஷனா?

பிரீதருக்கு ஒரு தோல் குல்லா. ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டு, ஓரம் மடித்து. ஷூ கம்பெனியில் கட்டிங் பார்த்த கை என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு நூல் பிசிறு இல்லை. காற்று என்ன, எறும்பு மூச்சுகூட நுழைய முடியாது. மலையில் ஓடை தாண்டும்போது தண்ணீர் உள்ளே போய்விடும் என்றுதானே தைத்தீர்கள்? கதவு ஆடினால் ஒரு தோல் துண்டு வைப்பீர்கள், கண்ணாடி ஆடினால் ஒரு தோல் துண்டு, அதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூக்கை அடைத்தா ஜலதோஷத்தைத் தடுப்பார்கள்?

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அறுக்கக் கத்தியை எடுத்தேன். அந்தத் தையலைப் பார்த்ததும் கை வரவில்லை. அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, ஆயில் முகத்தோடு.

செல்வி வந்து என்ன என்று கேட்டாள். பழக்கதோஷம், "சீல் போயிடுச்சும்மா" என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். அந்தக் கரும்பழுப்புத் தோலை விரலால் தடவினாள்.

"இது என் ஹேண்ட்பேக்கு. எலி கடிச்சிடுச்சின்னு சொன்னாரு" என்றாள்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நம் வீட்டுப் பெண்ணின் எதிரில் அவள் புருஷனை நான் எப்படிக் குறை சொல்வது?

"திட்டுண்ணா" என்றாள். "ஒரு தடவையாவது யாராவது அவரத் திட்டுங்க. செத்த நாள்லேர்ந்து வர்றவங்க எல்லாம் தெய்வம், தங்கம்னு சொல்லிட்டுப் போறாங்க. பேனர்ல பண்பின் சிகரம்னு போட்டிருக்காங்க. அது யாரோ மாதிரி இருக்குது. எனக்கு எங்க வீட்டு ஆளு வேணும்."

திட்டினேன். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினேன். முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், போகப்போக அது போய்விட்டது. அவளும் சேர்ந்துகொண்டாள். அவள் சொன்ன சில சங்கதிகள் எனக்கே புதுசு. நீங்கள் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

குல்லாவை முழுசாகக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டேன். பிரீதரில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி பானெட்டுக்குள் மேலே ஏற்றிவிட்டேன், இனி எந்த ஓடைத் தண்ணீரும் எட்டாது. இரண்டு சீலும் புதுசு. மலைக்குப் போய்ச் சுமையோடு இறங்கி வந்தாள். ஷாப்பில் வண்டிக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தார்களாம். மூட்டை எல்லாம் இறக்கி முடித்ததும் பாயே குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரமும் கொண்டாம்மா என்றாராம். உங்கள் அண்ணன் இந்த வாரமும் வந்தார், டீ குடித்தார், காயலான் கடைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

உங்கள் வருஷத் திதிக்கு எல்லோரும் வருவார்கள். சிகரம், இமயம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு இதுதான். அவள் ஒவ்வொரு தடவை மலை ஏறுவதற்கு முன்னாலும் நான் வண்டிக்கடியில் படுத்துப் பார்ப்பேன். பார்க்கும்போது அவள் காதில் விழுகிற மாதிரி உங்களைத் திட்டுவேன். அவள் சிரிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மரியாதை கொஞ்சமும் குறையாத உங்கள் மச்சான்,
செல்வியின் அண்ணன், மெக்கானிக் தாமோதரன்